சாவிக்கொத்தில் தொங்கிய கம்ப்யூட்டர்

போன மாதம், நான் முன்பு சூப்பர்வைசராக இருந்த நம் கன்டெய்னர் யார்டு பக்கம் வந்தபோது, அங்கே வேலை பார்க்கும் நீங்கள் எனக்கு டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்தீர்கள். வடை நன்றாகத்தான் இருந்தது. அதைத் தின்று முடிப்பதற்குள் உங்களில் ஒருவர் கேட்ட கேள்விதான் தொண்டையில் நின்றுவிட்டது.

"மேடம், கேட்லயே கேமரா பெட்டி நம்பரைப் படிச்சிடுது. உள்ள இன்னா சரக்குன்னு கம்ப்யூட்டர்ல வந்துடுது. அப்பறமும் எதுக்கு டிரைவர் ஸ்டிக்கரப் பாத்து வாக்கி-டாக்கில கத்தணும், நாங்க திருப்பிக் கத்தணும்? காலைல வந்தா பஜனை மடம் மாதிரி கீது."

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். ராயபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சுருக்கென்று கோபம் வந்தது. தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் அடங்கியும் விட்டது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதென்று பாதியில் விட்டீர்கள் என்றால் அடுத்த தடவை வடைக்குக்கூட வரமாட்டேன்.

நீங்கள் பஜனை என்று சொன்ன அந்த வழக்கம் எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலிருந்தும் வந்ததில்லை. ஒரு பென் டிரைவிலிருந்து வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பென் டிரைவைச் சொருக முடியாமல் போன ஒரு காலையில் வந்தது.

மனோகரனை உங்களுக்குத் தெரியும். கேட் ஆபீஸில் ஜன்னலோரம், ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். "பாட்டு கேட்டுக்கினே சம்பளம் வாங்கறாரு" என்று நீங்கள் கிண்டல் செய்வது அவர் காதுக்கும் வந்திருக்கிறது. ஒரு காது சும்மாதானே இருக்கிறது. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் சொன்ன பதில் கடைசியில் வருகிறது.

அந்த நாட்களில் மனோகரன் யார்டு பிளானர். கப்பலிலிருந்து வரும் பெட்டியும் கப்பலுக்குப் போகும் பெட்டியும் நம் யார்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. எந்தப் பெட்டி எங்கே, எதன்மேல், எதன் பக்கத்தில் என்று முடிவு செய்வது பிளானர் வேலை. அவர் சொல்ல, ரீச் ஸ்டாக்கர் என்ற தூக்கு வண்டியை ஓட்டுகிறவர் தூக்கி வைப்பார். கேட்க லேசாக இருக்கும். பெட்டிக்குள் பஞ்சு மூட்டை இருந்தால் லேசுதான். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வரும் சரக்கு இருந்தால் லேசில்லை. நம்பர் 3 என்றால் தீப்பிடிக்கும் திரவம், சிவப்பு ஸ்டிக்கர். 6.1 என்றால் விஷம், வெள்ளை. 5.1 தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் எரிகிற நெருப்பை ஊதிப் பெரிதாக்கிவிடும், மஞ்சள். விஷப் பெட்டியை 3-க்குப் பக்கத்தில் வைக்க விதி தடுப்பதில்லை. 5.1-ஐ வைத்தால் போச்சு. யார்டுச் சுவரைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் வீடுகள். குழந்தைகள் விளையாடும் சத்தம் கேபினுக்கே கேட்கும். உங்களுக்குத் தெரியாததில்லை.

மனோகரனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேட் ஆபீஸ், யார்டு கேபின், ரயில் பாதைப் பக்கத்து ஷெட் என்று மூன்று இடத்திலும் பொதுக் கம்ப்யூட்டர்கள்தான். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும். மனோகரன் எங்கே போனாலும் முதல் வேலையாகச் சாவிக்கொத்தை எடுப்பார். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, நீல வலைக்கயிற்றில் முடிந்த ஒரு பென் டிரைவ். அதைச் சொருகி, தன் பிரவுசரை, தன் அமைப்புகளை அதிலிருந்தே திறந்து, மானிட்டரைச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, இயர்போனை ஒரு காதில் மாட்டுவார். கிளம்பும்போது உருவிக்கொண்டு போய்விடுவார். அவர் உட்கார்ந்திருந்ததற்கான தடயமே அந்த மெஷினில் இருக்காது.

"இன்னா மனோகர், அதுல அப்படி இன்னாதான் வெச்சிக்கீற?" என்று கேட்டால், "என் வூடுக்கா. எங்க போனாலும் வூட்டத் தூக்கினு பூடுவேன்" என்று சிரிப்பார்.

சிரிப்போடு விடுகிற இடமா இது? அடியில் மாட்டிக்கொண்ட பெட்டியை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் இறக்க வேண்டும். மேலே இருக்கிற பெட்டி உடனே வெளியே போய்விடும். அதனால் பிளானரைக் கையில் போட்டுக்கொள்ள லாரி கம்பெனிக்காரர்கள் எப்போதும் துடிப்பார்கள். மனோகரன் அந்தப் பென் டிரைவில் தனிக் கணக்கு வைத்திருக்கிறார், யாருக்கு மேல் தட்டு, யாருக்கு அடித் தட்டு என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. கேன்டீனில் கிளம்பும் பேச்சு மேனேஜர் அறைக்குப் போக எத்தனை நேரமாகும்? ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க சூப்பர்வைசர். அந்த டிரைவ்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

அதே வாரம் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. துறைமுகப் பக்கம் வேறொரு ஆபீஸில் யாரோ சொருகிய பென் டிரைவால் வைரஸ் புகுந்து மெஷின்கள் படுத்துவிட்டன என்றார்கள். உடனே நம் யார்டிலும் உத்தரவு வந்தது. மவுஸ், கீபோர்டு தவிர எல்லா யூ.எஸ்.பி. ஓட்டையையும் அடைக்கப் போகிறார்கள். மீட்டிங்கில் இதைச் சொன்னதும் மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். மனோகரன் மட்டும் எழுந்து நின்று, "அது வேலையக் கெடுத்துரும் சார்" என்றார். எப்படிக் கெடுக்கும் என்று மேனேஜர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சும்மா இருந்த வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது.

அவர் மயங்கி விழுந்தது அதற்கு அடுத்த நாள் மதியம். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாமல் வேலை பார்த்திருக்கிறார். யார்டு கேபினில் நாற்காலியோடு சரிந்துவிட்டார். வாயில் குளுக்கோஸைக் கரைத்து ஊற்றி, ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். போகிற போக்கில் கண்ணைத் திறந்து, "அக்கா, டிரைவு... டிரைவு..." என்றார். ஜீப் ஓட்டுகிறவன் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து, "நான் இங்கதாண்ணே கீறேன்" என்றான்.

வெளியே டிரெய்லர்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வேறு பிளானர் வரும்வரை நான்தான் பார்க்க வேண்டும். மனோகரனின் நாற்காலியில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த மானிட்டரை என் பக்கம் திருப்பினேன்.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கன்னங்கரேலென்ற திரை. அதில் வரி வரியாக எழுத்து, ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு. கர்சர் தீப்பெட்டி போல இருந்தது. நாம் பொடிப் பொடியாகச் சாம்பல் நிறத்தில் பார்க்கும் அதே யார்டுப் பக்கம்தான். ஆனால் ஆபத்துச் சரக்குகளின் வரி மட்டும் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் நிறத்திலேயே பட்டையாக ஓடியது: சிவப்பு, மஞ்சள், வெள்ளை. ஒரு வரியின்மேல் கர்சரை வைத்தேன். மேசை விளிம்பில் தொங்கிய இயர்போனுக்குள் யாரோ முணுமுணுத்தார்கள். எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு பெண் குரல், இயந்திரக் குரல், பெட்டி நம்பரையும் சரக்கின் எண்ணையும் படபடவென்று ஒப்பித்தது. அந்த வேகம் என் காதுக்குப் பிடிபடவே இல்லை. நாலு தடவை திரும்ப வைத்துக் கேட்டேன். இந்த வேகத்துக்குப் பழகியிருக்கிறார் என்றால் எத்தனை நாளாக இந்தக் குரலை நம்பி வேலை பார்க்கிறார்!

நாங்கள் பாட்டு என்று நினைத்தது இதைத்தான். டிரைவில் வேறென்ன இருக்கிறதென்று திறந்தும் பார்த்தேன், தனிக் கணக்கு எதுவும் இல்லை. ஆளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தனக்கு வேண்டிய திரையைச் சாவிக்கொத்தில் கட்டித் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

ஹாரன் சத்தம் நிற்கவில்லை. பாதியில் எதையும் உருவக்கூடாதென்று அந்தத் திரையிலேயே வேலையைத் தொடர்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நம் திரையைவிட அதில் வேலை செய்வது சுகமாக இருந்தது. நிறத்தைப் பார்த்தாலே கை தானாகச் சரியான இடத்துக்குப் போனது. ஆனால் அவர் இதுவரை வைத்ததெல்லாம் சரிதானா என்று பார்த்தாக வேண்டும். மாற்று ஆள் வந்ததும் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆபத்துச் சரக்கு நிற்கும் பகுதிக்கு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு பெட்டியின் ஸ்டிக்கரையும் நின்று பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்றுகூடத் தப்பில்லை.

நிம்மதியாக இருந்ததா என்று கேட்காதீர்கள். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பது ஒரு நிம்மதி. ஆனால் இதுவரை தப்பு நடக்கவில்லை என்பது நாளைக்கு என்ன உத்தரவாதம்? அதுவும் ஓட்டையை அடைக்கப் போகிறார்கள். அந்தத் திரை இல்லாமல் இவர் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறார். 5.1-ஐ 6.1 என்று படித்தால், அதைக் கொண்டுபோய் 3-க்குப் பக்கத்தில் வைத்தால்? சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மனோகரன் திரும்பி வந்ததும் எதிரே உள்ள டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை போடாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவரே ஆரம்பித்தார்.

"இன்னாக்கா, வூட்டுக்குள்ள பூந்து பாத்துட்டியா?"

"கதவு தொறந்து கெடந்துச்சு. நீதான் கீழ வுழுந்து கெடந்த."

அவர் சிரிக்கவில்லை. "சக்கரைக்கா. கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாம். கண்ணுலயே ஊசி போடறாங்கோ. நெனச்சுப் பாரு, கண்ணுல ஊசி. பூட்டது பூட்டதுதானாம், கீறத வேணா புடிச்சு வெக்கலாம்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. ரெண்டு வருசமா இந்தப் பேஜாருதான்."

"எழுத்து பெருசா வர்ற மாதிரி ஆபீஸ் மெஷின்லயே வெச்சுக்க வேண்டியதுதான?"

"பெருசாக்குனா ஸ்க்ரீன்ல அந்த யார்டுப் பக்கம் ஒடைஞ்சு பூடும்க்கா. நமக்கு வேண்டிய நம்பரு ஓரத்துல போயி ஒளிஞ்சுக்கும். அத்தோட, அடுத்த ஷிஃப்டுக்காரன் வந்து பாத்தா கேக்கமாட்டானா, எவன்டா இவ்ளோ பெரிய எழுத்து வெச்சதுன்னு? எம் பொண்ணுதான் குந்திச் செஞ்சு குட்த்தா. கலரு, எழுத்து, பேசற கொரலு அல்லாம். 'நைனா, நீ எந்தக் கம்ப்யூட்டர்ல குந்துனாலும் உன் ஸ்க்ரீன் உன் கூடவே வரும்'னா." மகளைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு பெருமை வந்தது. உடனே போயும் விட்டது. "அக்கா, கையெடுத்துக் கும்புடறேன். யார்ட்டயும் சொல்லாத. கண்ணு தெர்லன்னா மறுநாளே கேட்டுக்கு வெளிய தள்ளிருவான். இந்த வயசுல எனுக்கு எவன் வேலை குடுப்பான்? அவ காலேஜ் கடைசி வருசம் படிச்சுகினு கீறா."

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், அதனால் அப்போது என் மண்டையில் ஓடியதைச் சொல்கிறேன். மேனேஜரிடம் போய்ச் சொல்வது எனக்குச் சுலபம். என் கை சுத்தம், அவர் குடும்பம் தெருவில். சொல்லாமல் மூடிவைப்பதும் சுலபம். அவரும் நானும் அக்கா தம்பியாக இருந்துகொள்ளலாம், ஒருநாள் மஞ்சள் பெட்டி சிவப்புப் பக்கத்தில் போய் நிற்கும்வரை. இரண்டு சுலபமும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் துறைமுகத்தில் ஒரு மேஸ்திரியின் கீழ் வேலை பார்த்தேன். அவர் கேட்டதற்குத் தெரியாமலேயே தெரிந்த மாதிரி ஒரு பதில் சொல்லி நான் மாட்டிக்கொண்டபோது, அவர் திட்டவில்லை. "தெரியலன்னு சொல்றதுக்கும் சேத்துதாம்மா சம்பளம் குடுக்கறாங்கோ" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தை என்னோடே வந்துவிட்டது.

"நான் சொல்லமாட்டேன் மனோகர்," என்றேன். "நீதான் சொல்லணும். ஓட்டையை அடைக்கறதுக்கு முன்னாடி சொல்லணும். அதுவரைக்கும் ஆபத்துச் சரக்கு எது வந்தாலும் நான் பக்கத்துல குந்திப் பாப்பேன். ஒளிஞ்சு நின்னு பாக்கல, உன் கண்ணு முன்னாடிதான் பாக்கறேன். நீ சொல்லப் போற அன்னிக்கு உன் பக்கத்துல நிப்பேன். மேனேஜர் எகிறுனா நானும் எகிறுவேன்."

"நீ எகிறுவ. உன் வேலையா பூடும்?"

"போவாது. அதுக்கு இன்னா பண்றது? சொல்லாம இருந்து ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, உம் பொண்ணு மூஞ்சில நீ எப்படி முழிப்ப?"

கோபத்தில் டீயைத் தரையில் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு வேலைப் பேச்சைத் தவிர ஒரு பேச்சில்லை. நான் சொன்னபடி அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவர் இயர்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டார்.

மேனேஜர் கேட்டார், "டிரைவ்ல என்ன இருக்கு?"

"பெரிய எழுத்து இருக்கு சார். வேற ஒண்ணும் இல்ல. கணக்கு கிணக்கு எதுவும் கெடையாது. அந்தாளு கை சுத்தம். அதுக்கு நான் ஜவாப்தாரி."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் நக்கல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் நூற்றுக்கு நூறு உண்மையைத்தான் சொன்னேன்.

ஓட்டையை அடைக்க வந்தவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து தொலைத்தார்கள். சாயங்காலத்தோடு வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலை மனோகரன் கேபினுக்குள் வந்தார். பழக்க தோஷத்தில் சாவிக்கொத்தை எடுத்தவர், விரலால் மெஷினின் முகத்தைத் தடவிப் பார்த்தார். ஓட்டை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் அடைப்பான். சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே நம் சாம்பல் நிறத் திரை. அவர் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் வந்ததெல்லாம் பஞ்சு, டைல்ஸ், காலிப் பெட்டிகள். மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு எப்படியோ ஓட்டினார். வியர்வை சட்டைக் காலரை நனைத்திருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. திரையில் அந்த வரியின் ஓரத்தில் ஆபத்துச் சரக்குக்கான சின்ன முக்கோணம். ரீச் ஸ்டாக்கர் ஓட்டும் ஏழுமலை வாக்கியில் கூப்பிட்டான். எண்ணூர் கடற்கரைக் குப்பத்துப் பையன், குரல் எப்போதும் அலையைத் தாண்டிக் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

"மனோண்ணே, பெட்டி ரெடி. எங்க வெக்கறது? சிவப்பு லைன் பக்கத்துல ஒரு எடம் காலியா கீது, அங்கயே வெச்சுரவா?"

மனோகரன் திரையைப் பார்த்தார். தலையை இடப் பக்கம் சாய்த்தார், வலப் பக்கம் சாய்த்தார். தன் கண்ணுக்கு நடுவில் மறைத்துக்கொள்ளும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார். வெளியே டிரெய்லர்காரன் ஹாரனில் கையை வைத்தான். பின்னால் நின்றவனும் சேர்ந்துகொண்டான்.

"ண்ணே, இன்னா தூங்கிட்டியா? ஜல்தி சொல்லு."

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறேன். எனக்கு அந்த நம்பர் பளிச்சென்று தெரிகிறது. மனசு கேட்கவில்லை. மெல்லச் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது, இன்றைக்கு ஒரு நாள் ஓடிவிடும், நாளைக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் வாக்கியின் பட்டனை அமுக்கிவிட்டார்.

"ஏழுமல. தூக்காத. கம்னு நில்லு. எனுக்கு ஸ்க்ரீன்ல நம்பரு தெர்ல. அஞ்சா ஆறான்னு தெர்ல." பட்டனை விடாமல் சொன்னார். "எங் கண்ணு பூட்டுகினு கீதுடா. ரெண்டு வருசமா. நீ எறங்கிப் போயி பெட்டில ஒட்டிக்கீற ஸ்டிக்கரப் பாத்து, இன்னா நம்பரு, இன்னா கலருன்னு வாய்வுட்டுச் சொல்லு. அப்பால எடம் சொல்றேன்."

எல்லா வாக்கியும் ஒரே அலைவரிசைதான். கேட்டில் கேட்டது, ஷெட்டில் கேட்டது, மேனேஜர் மேசையில் இருந்ததிலும் கேட்டது. ஹாரன் அடித்தவன்கூட நிறுத்திவிட்டான்.

ஏழுமலை இறங்கிப் போனான். அவன் திரும்பிப் பேசியபோது அந்த வழக்கமான கத்தல் இல்லை.

"மஞ்சாண்ணே. அஞ்சு புள்ளி ஒண்ணு. நல்லாப் பாத்துட்டேன், நாலு பக்கமும் மஞ்சாதான்."

நான் திரையைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். திரையில் தெள்ளத் தெளிவாக இருந்தது 6.1.

சரக்கு அனுப்பிய இடத்தில் யாரோ தப்பாகப் பதிந்துவிட்டிருக்கிறார்கள். அந்தத் தப்பு எல்லாக் கம்ப்யூட்டரையும் தாண்டி, நம் கேட்டையும் தாண்டி, என் நல்ல கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மனோகரனின் பென் டிரைவ் இருந்திருந்தாலும் அந்த இயந்திரப் பெண் 6.1 என்றுதான் ஒப்பித்திருப்பாள், வெள்ளைப் பட்டைதான் ஓடியிருக்கும். ஏழுமலை கேட்ட அந்தக் காலி இடத்தில், பெயின்ட் தின்னர் டிரம் இருக்கும் சிவப்பு ஸ்டிக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில், பெட்டி போய் உட்கார்ந்திருக்கும்.

மேனேஜர் படியேறி வந்தபோது நான் எழுந்து மனோகரனின் நாற்காலிக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். எகிறுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே. "கண்ணு தெரியாத ஆள வெச்சா இவ்வளவு நாள்..." என்று அவர் ஆரம்பித்தார். "சார், கண்ணு தெரிஞ்ச நான் இங்கதான் குந்திகினு இருந்தேன். எனுக்கு ஆறுன்னுதான் தெரிஞ்சுது. மொதல்ல திரையப் பாருங்க, அப்பறம் ஏழுமலையக் கேளுங்க, அப்பறம் பேசுங்க" என்றேன். பார்த்தார். கேட்டார். அப்புறம் என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆபத்துச் சரக்கு பிளானிங்கை மனோகரனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான், நானும் அதைத்தான் சொன்னேன். அவருக்கு அது வலித்தது, என்மேல் இருந்த வருத்தம் தீர நாளாயிற்று. வேலையை விட்டு அனுப்பவில்லை. கேட் ஆபீஸுக்கு மாற்றினார்கள். அவர் பென் டிரைவில் இருந்ததையெல்லாம் சோதித்துப் பார்த்து அந்த மெஷினிலேயே ஏற்றிக் கொடுத்தார்கள். இப்போது அவர் மானிட்டர் சுவரைப் பார்ப்பதில்லை, உங்களைத்தான் பார்க்கிறது. நிறப் பட்டை நன்றாக இருக்கிறதென்று பிறகு எல்லோருடைய திரைக்கும் வந்தது. நீங்கள் தினமும் பார்க்கும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, அவர் மகள் தன் நைனாவுக்காகச் செய்தது. ஏழுமலை மட்டும் அன்றிலிருந்து எந்த ஆபத்துப் பெட்டியையும் ஸ்டிக்கரை வாய்விட்டுச் சொல்லாமல் தூக்கவில்லை. மற்ற டிரைவர்களும் பிடித்துக்கொண்டார்கள். உத்தரவு என்று ஒன்று வந்தது ரொம்ப நாள் கழித்துத்தான்.

இதை எழுதலாமா என்று கேட்கப் போனபோது மனோகரன் இயர்போனைக் கழற்றிவிட்டு, "எழுதுக்கா. ஆனா நடுவுல நடுவுல பாட்டும் கேக்கறேன், அதயும் எழுது. பசங்க சொல்றது பாதி நெசம்" என்றார். அப்புறம், "அன்னிக்கு நீ எனுக்கு நம்பரச் சொல்ல வந்தியே, அத எழுதுவியா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்? நீ திரையப் பாத்துகினு இருந்த."

"கண்ணு தெர்லன்னா காதும் கேக்காதா? மூச்ச இழுத்தியே. இன்னாமோ சொல்லப் போறன்னு தெரிஞ்சு போச்சு. நீ சொல்லிட்டா அப்பறம் என் வூடு உன் வாய்ல கீது. டிரைவுக்குப் பதிலா நீ. எத்தினி நாளிக்கு உன்னத் தூக்கினு அலையறது? அதான் பட்டன அமுக்கிட்டேன்." இயர்போனை மறுபடி மாட்டப் போனவர் நிறுத்தினார். "ஆமா, இன்னா சொல்லிருப்ப?"

"ஆறுன்னுதான் சொல்லிருப்பேன் மனோகர்," என்றேன்.